வெயில் இறைக்கும் தண்ணீர்

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் உரும்பிராயிலுள்ள என் அம்மான் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பத்து நான்கு வயது நிரம்பியவர். கண்பார்வை சற்று மங்கியிருப்பினும் தோட்டத்தை ஒருநாளேனும் பாராதிருக்க மாட்டார். கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியல் கற்கும் என் மருமகனும் உடன் வந்திருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்த வேளை நண்பகல். சோளகம் சுழன்றடித்துக்கொண்டிருந்தது. வெங்காயப் பாத்திகளுக்குள் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும் இறைக்கும் இயந்திரத்தின் இரைச்சலைக் காணோம். மண்ணெண்ணெய் நெடியும் இல்லை. கனடாவிலிருக்கும் மகன் பணம் அனுப்ப, கிணற்றருகே இரும்புச் சட்டமொன்றின்மேல் சூரியத் தகடுகள் சில நிறுத்தப்பட்டிருந்தன. கிணற்றுக்குள்ளே சிறிய மோட்டர் ஒன்று ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

மருமகனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மாமா, புகையில்லை, சத்தமில்லை, எண்ணெய்ச் செலவில்லை. தூய தொழினுட்பம் எண்டால் இதுதான்" என்றான்.

அம்மான் உடனே விடை சொல்லவில்லை. வெற்றிலைச் சாற்றை வேலியோரம் உமிழ்ந்துவிட்டு வந்து, கிணற்றுக் கட்டில் அமர்ந்துகொண்டு சொன்னார்: "தம்பி, துலா மிதிக்கிற காலத்திலை கால் நொந்தால் இறைப்பும் நிண்டிடும். பிறகு மிசின் வந்தது. எண்ணெய் முடிஞ்சால் அது நிண்டிடும். சூரியனுக்குக் காலும் நோகாது, எண்ணெயும் முடியாது. அப்ப ஆர் நிப்பாட்டிறது?"

மருமகன் சிரித்தான். எனக்கோ அந்தக் கேள்வி வீடு திரும்பும் வழியெல்லாம் விடாது கூடவே வந்தது. இவ்வாரப் பகுதி அதன் விளைவேயாகும்.

தூய தொழினுட்பம் என்னும் தொடர் இக்காலத்தில் எங்குங் கேட்கின்றது. காற்று, நீர், மண் ஆகியவற்றை மாசுபடுத்தாமலும், பின்வரும் தலைமுறைக்கு உரியதை இன்றே உண்டு தீர்க்காமலும் நமது தேவைகளை நிறைவேற்றும் வழிவகைகள் யாவும் அதில் அடங்கும். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுத்தல், அதைச் சேமித்து வைத்தல், கழிவைப் பயனாக்குதல், கடல்நீரைக் குடிநீராக்குதல், மின்சாரத்தால் ஓடும் ஊர்திகள் என அதன் துறைகள் பல. உலக நாடுகள் கோடிக்கணக்கான பணத்தை இவற்றிற் கொட்டுகின்றன. நம் குடாநாட்டுக்கு இவற்றுட் சில புதியனவும் அல்ல. ஆனையிறவில் வெயிலும் காற்றுமே உப்பை விளைவித்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், காற்றையே துணையாகக் கொண்டு 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு விளக்கேற்றிப் படித்தவர்களும் இன்று நாற்பது, ஐம்பது வயதினராய் நம்மிடையே இருக்கின்றார்கள். சிக்கனத்தைப் பற்றி அவர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்றைய நிலைமை வேறு. குடாநாட்டின் கழுத்துப்போல் அமைந்த பளைப் பகுதியிற் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014ஆம் ஆண்டில் இரண்டு காற்றாலைப் பண்ணைகள், ஒவ்வொன்றும் 10 மெகாவாட் அளவினதாக, இயங்கத் தொடங்கின. கண்டி வீதியாற் செல்வோர் அந்த வெள்ளை இறகுகளைக் காணாது செல்வதில்லை. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் வெயில், காற்று, மின்கல அடுக்கு, அவசரத்துக்கு டீசல் என எல்லாம் கலந்த மின்திட்டமொன்று வகுக்கப்பெற்றது. அதை அமைக்கும் பணி 2021இற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது; இந்தியா முகஞ்சுளித்தது; ஈற்றில் இந்தியாவே நன்கொடை தருவதாக முன்வந்து, 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் தேதி பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நெடுந்தீவுக் குடிசையொன்றில் விளக்கெரிய வேண்டுமாயின் இரண்டு பேரரசுகள் முதலில் பேசி முடிக்க வேண்டியிருக்கின்றது! எனினும் அத்திட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. 1,700 கிலோவாட் வெயில் மின்சாரத்துக்கும் 530 கிலோவாட் காற்று மின்சாரத்துக்கும் துணையாக 2,400 அலகு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலங்களையும் அதிற் சேர்த்திருக்கின்றார்கள். வெயிலை நம்புவோர் இரவையும் எண்ண வேண்டும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

இதனை உணராவிடில் நேர்வது யாது என்பதை இலங்கை முழுவதும் 2025 பெப்பிரவரி 9ஆம் தேதி கண்டது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நாடெங்கும் மின்சாரம் நின்றது என அமைச்சர் சொல்ல, ஊரெல்லாம் நகைத்தது. குரங்கு ஒருபுறமிருக்க, மின்சார சபை பின்னர் கூறிய விளக்கந்தான் சிந்திக்கத்தக்கது. விடுமுறை நாளில் மின்சாரத் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வரும் வெயில் மின்சாரமோ மிகுதி. அத்தகைய வேளையில் மின்வலையமைப்புச் சிறு அதிர்ச்சியையுந் தாங்க மாட்டாது என்றார்கள். அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மக்களைக் கேட்கவும் நேர்ந்தது.

நண்பகலிற் பொழியும் வெயிலை வைத்துக்கொள்ள இடமில்லை என்பதே இதன் பொருள். அப்படியாயின் தோட்டக்காரன் என்ன செய்வான்? தன் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை விற்க வழியில்லை, சேமிக்கவும் வழியில்லை என்றால், கிணற்றிலுள்ள நீரை இறைத்துத் தள்ளுவதே அவனுக்கு இலகுவான வழியாகும். அம்மானின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கின்றது.

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடி அராலிக் கடலிற் கலந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமது பெருஞ் செல்வம். அது செம்மண்ணினூடாக இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. இல்லத்தரசிகள் இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. தேநீர்க் கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறக் கற்படை, அந்தப் பாறையின் ஒரு துளியே.

அப்பாறைக்குள்ளே நன்னீர் மாத்திரம் இருப்பின் கவலையில்லை. நாற்புறமும் உள்ள கடல்நீர் பாறையினூடே உட்புகுந்து அடியில் நிற்கின்றது. நன்னீர் எடை குறைந்தமையால் அதன்மேல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நாமறிந்ததே. இவ்வாறு மிதக்கும் நீருக்கு ஒரு கணக்கு உண்டு. டச்சு நாட்டவரான கைபன் என்பவரும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்த அக்கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க இன்பமாக இருக்கின்றது. ஆனால் அக்கணக்கைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி எழும். பொந்துகள் நிறைந்த நமது பாறையில் இக்கணக்கு எங்கும் ஒருசீராய்ப் பொருந்தாது. சில இடங்களில் உவர் இன்னும் விரைவாகவே எழக்கூடும். குடாநாட்டில் நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்குச் சில அடிகளே மேலே நிற்கின்றது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்பது நம்மவர் வாக்கு. அது துலாக் காலத்து வாக்கு. ஆடுகாலில் ஏற்றிய துலாவின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்றின்மேல் நின்று ஒருவர் பட்டை பிடிப்பார். பாத்தியில் நின்று ஒருவர் தண்ணீர் கட்டுவார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறியதும் ஓய்வர். ஒரு கிணற்றிலே காணிக்காரர் பலருக்குப் பங்குண்டு. இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்து இறைத்தனர். காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்பெற்றிருத்தலை இன்றுங் காணலாம். அந்த முறையில் வழக்குகளும் மண்டை உடைவுகளும் இருந்தன; அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர்களின் முழங்காலைக் கேட்டால் உண்மை தெரியும். எனினும் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாய் நின்றது.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டந்தோறும் வந்தன. முழங்கால்கள் தப்பின. பின்னர் 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வலிகாமத்துச் செம்மண் பொன்னாக விளைந்தது. பலர் கல்வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். இறைப்பும் அதற்கேற்பப் பெருகியது, பசளையும் பெருகியது. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதானபோது சில தோட்டங்களில் துலா மீண்டும் எழுந்தது. எண்ணெயின் விலை, களைப்பின் இடத்திற் காவலாய் நின்றது எனலாம். இப்பொழுது வெயில் வந்திருக்கின்றது. வெயிலுக்கு விலையில்லை.

சில கணக்குகளைப் பார்ப்போம். சமையலறைச் செலவுக் கணக்கு எழுதும் சகோதரிகளுக்கு இது கடினமன்று. ஒரு கிலோவாட் அளவுள்ள தகடு நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் தரும். ஓர் அலகு மின்சாரத்தைக்கொண்டு 20 அடி ஆழத்திலிருந்து ஏறத்தாழ 20,000 இலீற்றர் நீரை மேலே கொண்டுவரலாம். அதே ஓர் அலகு மின்சாரத்தைக்கொண்டு கடல்நீரிலிருந்து எவ்வளவு நன்னீர் செய்யலாம்? இன்று உலகிலுள்ள நல்ல நிலையங்களிற்கூட ஏறத்தாழ 300 இலீற்றர் மாத்திரமே. நல்ல கிணறொன்று உவராகிப் போனால், அதன் நீருக்கு ஈடுசெய்ய அறுபது மடங்குக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வடமராட்சி கிழக்கில் தாழையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரத்தக்கதாக அது அமைக்கப்பெற்றது. முதலில் இரணைமடுக் குளத்து நீரையே யாழ்ப்பாணத்துக்குக் கொணர எண்ணினர். கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே நீர் போதாதென எதிர்த்தனர். அவர்கள் எதிர்த்ததிற் குற்றங் காண்பதற்கில்லை. அதனாற் கடலை நாட வேண்டியதாயிற்று. செறிந்த உப்புநீர் மீண்டுங் கடலில் விழுமே, மீன்வளம் என்னாகும் என்று கரையோரத்து மீனவர் அஞ்சினர். அவர்களுடைய அச்சத்தையும் புறக்கணித்தல் முறையன்று. தாழையடி முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 70,000 அலகுக்கு மேல் மின்சாரம் உண்ணும். பளையிலுள்ள காற்றாலைகள் தங்கள் வலுவில் மூன்றிலொரு பங்குக்கு ஓடினாலும் நாளுக்கு 160,000 அலகு தரும். காற்று வீசுங் காலத்திலும், நண்பகல் வெயில் மிஞ்சி நிற்கும் வேளையிலும் கடல்நீரை நன்னீராக்கித் தொட்டிகளில் நிரப்பி வைத்தல் கூடாதா? மிஞ்சிய வெயிலுக்கு அதுவும் ஒரு களஞ்சியமாகும். இந்த யோசனையைச் சொன்னபோது என் மருமகன் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

கிணற்றுக்கு உவர் மாத்திரந்தான் பகை என்பதுமில்லை. சுன்னாகத்து மின்நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை யாவரும் அறிவோம். அவ்வழக்கில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். பசளையிலிருந்தும் மலசலக் குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் இதைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று அகலாது. நீர் வற்றுவதால் சிறிது செறியவுஞ் செய்யும். கிணற்று நீரை ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பித்தல், நகைக்கடைக்குப் போகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு செலவேயன்று.

இனி அம்மானின் கேள்விக்கு வருவோம். யார் நிறுத்துவது? சட்டம் நிறுத்தும் என்பார் சிலர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் உத்தியோகத்தரை அனுப்பி வைக்க எந்த அரசினாலும் இயலாது. குஜராத் மாநிலத்தில் துண்டி என்னும் சிற்றூரில் வேறொரு வழியைக் கண்டார்கள். கொழும்பை அடுத்துத் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர் துணையோடு, 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஆறு விவசாயிகள் முதலிற் கூடி, வெயிலால் இறைக்கும் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். இறைத்தது போக எஞ்சிய மின்சாரத்தை மின்வலைக்கு விற்றனர். அந்நாள் முதல், வீணே இறைக்கும் ஒவ்வொரு வாளி நீரும் விற்கத் தவறிய மின்சாரமாயிற்று. நிறுத்தினாற் காசு வருமென்றால் நிறுத்தாதவன் யார்? நம்மூரில் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பங்குக் கிணற்று முறையை அறிந்த முதியோரும் இன்னும் இருக்கின்றார்கள். தோட்டத்து மின்சாரத்தை நியாயமான விலைக்கு வாங்க மின்சார சபை இசையுமாயின், அதற்கேற்ற மின்கலங்களும் வைக்கப்பெறுமாயின், வலிகாமத்தில் இதனைச் செய்து பார்க்கத் தடை யாதென நான் அறியேன். வாங்கும் ஏற்பாடு செய்யாமல் இலவசமாய்த் தகடு மாத்திரம் பங்கிடும் திட்டம் எதுவரினும் அதனை நான் வரவேற்க மாட்டேன்.

வீட்டிற் செய்யத்தக்கவையும் உண்டு. 1,000 சதுர அடிக் கூரையின்மேல் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ ஒரு இலட்சம் இலீற்றர். முன்னாளில் அது மண்முற்றத்திற் சுவறி நிலத்துக்குள் இறங்கியது. இன்று முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்து, நீரை வீதி வாய்க்காலுக்கு விட்டு, மாரி முடியுமுன்னே கடலுக்கு அனுப்பிவிடுகின்றோம். முதல் மழையை விட்டுவிட்டுப் பின்வருவதை மணலும் கரியும் இட்ட தொட்டியினூடாக நிலத்துள் இறக்குவதற்கு மேசன் ஒருவரின் சில நாள் வேலை போதும். குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கேணிகளும் உண்டென்பர். அவற்றுட் பலவற்றில் இன்று குப்பையைக் காண்கின்றோம். கிணற்றடியில் வாழையும் கமுகும் வைத்துக் குளித்த நீரை அவற்றுக்கு விட்டவர்கள், பனையோலையைத் தோட்டத்திற் புதைத்து உரமாக்கியவர்கள், கழிவைப் பயனாக்குதல் என்னும் சொல்லைக் கேள்விப்பட்டிரார்.

அன்று நாங்கள் புறப்படும்போது அம்மான் எங்களைக் கிணற்றுக் கட்டுக்கு அழைத்துச் சென்று உள்ளே பார்க்கச் சொன்னார். உட்சுவரில் சுண்ணாம்பினால் ஒரு கோடு இழுத்திருந்தது. ஓராண்டு கோடையில் நீர் அவ்விடத்துக்குக் கீழே இறங்கியபின்னும் இறைத்தார்களாம். அவ்வாண்டு வாழையிலைகளின் ஓரங் கருகியதாம். தகடு பூட்டிய அன்றே கூலியாள் ஒருவரை இறக்கி அந்தக் கோட்டைப் போடுவித்திருக்கின்றார். நீர் கோட்டைத் தொட்டால் மோட்டரை நிறுத்திவிட வேண்டுமென்பது வீட்டாருக்கு இட்ட கட்டளை. மிதவை ஆளியொன்றைப் பொருத்தினால் அது தானாகவே நின்றுவிடும் என்றான் மருமகன். "பூட்டு தம்பி. ஆனால் கோடும் கிடக்கட்டும்" என்றார் அம்மான்.

சென்ற ஞாயிறு அவன் மீண்டும் போய் அதனைப் பூட்டிவிட்டு வந்தான். கோட்டுக்கு நான்கு விரற்கிடை மேலே நீர் நிற்கின்றதாம். மாரிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கின்றது.